சன்னலை மூடிய பரம்பரை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் மக்கிள்டன் லேன். தேக்கா வட்டாரத்துத் தமிழர்கள் வாயில் அது நுழைந்து வெளியே வந்தபோது மக்குத்தான் சந்து ஆகிவிட்டது. தபால்காரர் உட்பட எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மக்கிள்டன் யார், அவர் எதற்காக மக்கானார் என்று யாரும் விசாரித்ததில்லை. பிழைக்க வந்தவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

சந்தின் முனையில், கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், அப்துல் கஃபார் தேநீர் ஆற்றும் சரபத் கடை போட்டிருந்தார். இஞ்சித் தே போடுவதில் கைகாரர். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். கடைக்கு நேர் மேலே மாடியறையில் அவரும் மனைவி சம்சுன்னிசாவும் குடியிருந்தார்கள். மாடி முழுவதையும் பலகையடித்துப் பல அறைகளாகத் தடுத்திருந்தார் வீட்டுக்காரர். அவற்றில் சன்னல் உள்ள அறை அது ஒன்றுதான். சம்சுன்னிசாவுக்கு இழுப்பு நோய். மருந்தைவிடக் காற்றுதான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையைக் கடிக்கும் வாடகை என்று தெரிந்தும் கஃபார் அந்தச் சன்னலுக்காகவே அந்த அறையை எடுத்தார். ராத்திரி இழுப்பு வந்தால் அவள் சன்னல் கட்டையில் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கிவிடும்.

1957ஆம் வருஷம் ஒரு காலையில், அந்தச் சன்னலை மூடுவதற்காக நாலு துரைமார் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

சிங்கப்பூர் வெயிலில் நால்வரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். கஃபாரையோ சம்சுன்னிசாவையோ யாரும் பார்க்கவில்லை. தலைமையாக வந்தவர் கார்ஸ்டன் துரை. அவர் தொப்பியைக் கழற்றினார், மற்றவர்களும் கழற்றினார்கள். சன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தி, பித்தளைப் பூட்டு ஒன்றை மாட்டிப் பூட்டினார். நால்வரும் கையுறை போட்ட கைகளை மெதுவாகத் தட்டினார்கள். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். மையித்து கிடக்கும் சாவு வீட்டில்கூட இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டவர்களைக் கஃபார் பார்த்ததில்லை.

பின்னால் நின்றவர் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் மருதப்பன். அவரை மட்டும் கஃபாருக்குத் தெரியும். சாயங்காலம் கடைக்கு வந்து தே குடிப்பவர்.

"என்னா சார் இது?"

"வாழ்த்துகள் பாய். உங்க சன்னல எடுத்துருக்காங்க."

"எடுத்துக்கிட்டுப் போறாங்களா?"

"இல்ல, இங்கதான் இருக்கும். ஆனா மூடியே இருக்கும். கீழ மக்கிள்டன் பிரபுவுக்குச் சிலை வருது. அவரு கை இந்தச் சன்னலக் காட்டும். அவரு கை காட்டுற சன்னல் தொறந்து கெடந்தா அவருக்கு அவமரியாதைலா."

"வீட்டுல இழுப்பு சார். காத்து வேணும்."

மருதப்பன் இதை இங்கிலீஷில் சொன்னார். கார்ஸ்டன் துரை தலையைச் சாய்த்து அக்கறையோடு கேட்டார். அவர் சொன்ன பதிலை மருதப்பன் தமிழாக்கினார்: "இங்கிலாந்துல மக்கிள்டன் மாளிகையில முந்நூறு சன்னல் இருக்காம். முந்நூறும் மூடித்தான் இருக்காம். அங்க யாருக்கும் இழுப்பு இல்லையாம்."

"அங்க யாராச்சும் குடியிருக்காங்களா?" என்று கேட்டாள் சம்சுன்னிசா.

மருதப்பன் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆட்சேபம் இருந்தால் குழுவின் அலுவலகத்துக்கு வந்து சொல்லலாம் என்றார்கள். மக்கிள்டன் மரபுக் குழு என்பது அதன் பெயர். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் இயங்கியது. கஃபார் கடையைச் சாத்திவிட்டு, பெருநாளுக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் அவருக்கு இட்லிப் பானைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. அலுவலகத்தின் அத்தனை சன்னல்களும் சாத்தியிருந்தன. காற்றாடியும் கிடையாது. பிரபுவின் காலத்தில் காற்றாடி இல்லாததால் குழுவும் வைத்துக்கொள்ளவில்லையாம். கம்பளிக் கோட்டுக்குள் துரைமார் வெந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் ஒருவர் மயங்கி மேசைமேல் தலையைச் சாய்த்தார். அவர் தீர்மானத்தை ஆதரிப்பதாக எழுதிக்கொண்டார்கள்.

ஆட்சேபம் தெரிவிப்பவர், தாம் எதை ஆட்சேபிக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது குழுவின் விதி. ஆகவே கஃபாரை நடுவில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, மக்கிள்டன் குடும்ப வரலாற்றைக் கார்ஸ்டன் துரை எடுத்துரைத்தார். மருதப்பன் அதை மேடைத் தமிழில் பெயர்த்தார். சாயங்காலத் தேத்தண்ணிக்குப் பேசும் தமிழை அவர் அரசாங்கக் கட்டடத்துக்குள் கொண்டுவருவதில்லை.

"முதலாம் மக்கிள்டன், போர்க்களத்தில் மன்னரின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னர் அதில் ஏறித் தப்பி ஓடினார். அந்த வீரத்துக்காக முதலாம் மக்கிள்டனுக்குப் பல கிராமங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் மக்கள் குடியிருந்தார்கள். அந்தக் குறை விரைவிலேயே நீக்கப்பட்டது. இரண்டாம் மக்கிள்டன் தம் தந்தைக்கு மூத்த மகனாகப் பிறந்தார். அந்தச் சாதனைக்குப் பிறகு அவர் ஓய்வெடுத்தார்."

துரைமார் மேசையைத் தட்டினார்கள். கார்ஸ்டன் துரையின் குரல் இப்போது தழுதழுத்தது.

"சிலையாக வரவிருக்கும் மூன்றாம் மக்கிள்டன்தான் குடும்பத்தின் அரசியல் மேதை. பிரபுக்கள் சபையில் ஆயுள் முழுவதும் அமர்ந்திருந்தார். ஒரே ஒரு முறைதான் பேசினார். அன்று சபையில் ஒரு மசோதா விவாதிக்கப்பட்டது. கிழக்கே கூலிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களின் அடித்தட்டில் காற்றுத் துவாரம் வைக்க வேண்டும் என்று சில இளகிய மனத்தினர் கேட்டிருந்தனர். பிரபு எழுந்தார். குளிர்காலம். 'சன்னலை மூடுங்கள்' என்றார். சேவகர் மூடினார். அவையோர் அதன் உட்பொருளைப் புரிந்துகொண்டனர். மசோதா தோற்றது. அன்றுமுதல் இதை மூடிய சன்னல் கொள்கை என்று வரலாறு போற்றுகிறது. இன்று இத்தீவில் நீங்கள் காணும் ஒழுங்கு, அமைதி எல்லாமே அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளைத்தவை."

கஃபாரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணை எரித்தது.

"எங்க பாட்டனாரு அப்படி ஒரு கப்பல்லதான் வந்தாரு" என்றார். "கூட வந்த தம்பி பாதிக் கடல்லயே மூச்சடைச்சு மவுத்தாயிட்டாராம். அங்கயே கடல்ல எறக்கிட்டாங்களாம்."

மருதப்பன் இதைத் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னார். கார்ஸ்டன் துரையின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து கஃபாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. உங்கள் குடும்பத்துக்கும் பிரபு குடும்பத்துக்கும் இவ்வளவு பழைய தொடர்பு இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது" என்றார்.

தொடர்பை முன்னிட்டு ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்பட்டது. கஃபாருக்குப் பரம்பரைச் சன்னல் காப்பாளர் என்ற பட்டம் தந்தார்கள். சம்பளம் கிடையாது. பட்டம் மூத்த மகன் வழியாக இறங்கும் என்றார்கள். அவருக்குப் பிள்ளையே இல்லை என்றபோது, அதற்கு அவகாசம் தரப்படும் என்றார்கள். ஒரு பித்தளை வில்லையைச் சட்டையில் குத்தி, பூட்டின் சாவியையும் கையில் கொடுத்தார்கள். சாவியை வைத்துத் திறந்தால் கடை உரிமமும் போகும், ஆளும் உள்ளே போவான் என்பதை மருதப்பன் வாசல்வரை வந்து தணிந்த குரலில் சொன்னார்.

ஓட்டையில்லாத பாத்திரத்தைக் கொடுத்து, தண்ணி ஊற்றாதே என்று சொன்ன கதைதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். சம்சுன்னிசா வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நான் மூச்சு விடுறதுக்கும் பெர்மிட் வேணுமா?"

அன்றிலிருந்து அவள் மாடிப்படியில் உட்கார்ந்துதான் தூங்கினாள். தெருவாசலிலிருந்து ஏறிவரும் கொஞ்சம் காற்றுக்காகக் கீழ்ப்படிக்கு வந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். இழுப்பு வந்தால் அந்தச் சத்தம் கடைவரை கேட்கும். தே ஆற்றிக்கொண்டிருக்கும் கஃபாரின் கை நின்றுவிடும். மடியில் சாவி இருந்தது. ஆனால் கடை போய்விட்டால் டாக்டருக்கும் வழியில்லை, சோற்றுக்கும் வழியில்லை. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

சிலை வந்து இறங்கியது. உள்ளூர்க்காரர் யாரும் பிரபுவைக் குனிந்து பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது என்று பீடத்தை மாடி உயரத்துக்குக் கட்டினார்கள். அதனால் பிரபுவின் முகம் சன்னலுக்கு நேரே வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க நீட்டிய வெண்கலக் கை சந்தின் குறுக்கே வந்து, சன்னலுக்கு ஓர் ஆள் நீளம் தள்ளி நின்றது. பிரபுவுக்கு மூக்கு பெரியது, மோவாய் இல்லை. சிற்பி மோவாயைத் தாமாகச் சேர்த்துக் கொடுத்திருந்ததாகவும், குடும்பத்தார் கேட்டு நீக்கியதாகவும் சொன்னார்கள்.

பீடத்தில் நாலு மொழியில் கல்வெட்டு. தமிழுக்கு மருதப்பன் பொறுப்பு. இங்கிலீஷில் 'லார்ட் மக்கிள்டன், பீர் ஆஃப் தி ரெல்ம்' என்று இருந்தது. லார்டுக்குப் பிரபு என்று போட்டார். ரெல்முக்குச் சாம்ராஜ்யம் என்று போட்டார். பீர் என்ற இடத்தில் பேனா நின்றது. அதுவும் ஏதோ பிரபுதான் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் பிரபு ஏற்கெனவே செலவாகிவிட்டது. கார்ஸ்டன் துரையிடம் போய் அர்த்தம் கேட்டால், இங்கிலீஷ் தெரியாத மொழிபெயர்ப்பாளர் என்று பதவி உயர்வு நின்றுபோகும். நன்றாக யோசித்துவிட்டு, காதில் விழுந்தபடியே எழுதிக் கொடுத்தார்.

'பிரபு மக்கிள்டன், சாம்ராஜ்யத்தின் பீர்.'

கல்லில் வெட்டிவிட்டார்கள். திறப்பு விழா முடிந்த மறுநாளே துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து பீடத்தைச் சுற்றி நின்றார்கள்.

"எப்பக் கட தொறப்பாங்க பாய்?" என்று ஒருவர் கஃபாரிடம் கேட்டார்.

"என்னா கட?"

"பீர்க் கடதான்லா. கல்லுலயே எழுதிப் போட்டுருக்கானே. மொத நாளு சும்மா ஊத்துவாங்கன்னு சொன்னாங்க."

ஐந்து வேளை தொழுகிற மனிதர், கடைக்கு எதிரே சாராயக் கடை வருகிறது என்று கேட்டு ஆடிப்போனார். அவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போன பிறகு, ஊரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய முஸ்லிம் பயணிகள் சிலர் அந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பீர் வேறு. ஊரில் பெரிய மகான்களைத்தான் பீர் என்பார்கள். சாம்ராஜ்யத்துக்கே பீர் என்றால் எப்பேர்ப்பட்டவராக இருக்கும் என்று மலைத்துப் போனார்கள். நீட்டிய கை அவர்களுக்கு இறைவனை வேண்டித் துஆச் செய்கிற கையாகப் பட்டது.

தெருக்கோடிப் பள்ளியில் தொழுகை நடத்தும் ஹனீபா லெபை செய்தி கேட்டு விரைந்து வந்தார். மூக்கையும் மோவாயின்மையையும் நிதானமாகப் பார்த்தார்.

"செலைக்கும் பீருக்கும் என்னாப்பா சம்பந்தம்? இது அந்தப் பீரும் இல்ல, குடிக்கிற பீரும் இல்ல. ஒரு வெள்ளக்காரன் நிக்கிறான். போயி வேலையப் பாருங்க."

லெபை சொன்னதைக் கேட்டு வெட்கப்பட்டு முஸ்லிம்கள் கலைந்து போனார்கள். ஆனால் அதற்குள் விஷயம் அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. சக்திவாய்ந்த ஒருவர் மக்குத்தான் சந்தில் நிற்கிறார் என்று சிராங்கூன் சாலை முழுவதும் பேச்சு. எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று கும்பிடுகிறவர்கள் வந்தார்கள். பூக்கட்டும் தங்கம் கூடையோடு வந்து பீடத்தடியில் உட்கார்ந்தாள். சீனத்தம்மா ஒருவர் ஊதுவத்திக் கட்டைச் செருகிவிட்டுப் போனார். லாட்டரி நம்பர் கேட்டு ஒரு கூட்டம் வந்தது. ஏணி வைத்துப் பிரபுவின் கழுத்தில் மாலை ஏற்றினார்கள், பீடத்தடியில் சாம்பிராணி புகைந்தது. கஃபாருக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது அவருக்குச் சந்தோஷம் தரவில்லை. புகை படிக்கட்டில் ஏறி, அங்கே உட்கார்ந்திருந்தவளை இன்னும் இரும வைத்தது.

கார்ஸ்டன் துரை வந்து பார்த்தார். கண் கலங்கி நின்றார். அங்கேயே பீடத்தின் படியில் ஏறி ஒரு சொற்பொழிவு செய்தார். பிறகு அதையே லண்டனுக்கும் அனுப்பினார்.

"இந்தத் தீவு மக்கள் சுயாட்சி கேட்கிறார்கள் என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். இங்கே வந்து பாருங்கள். இவர்கள் ஓட்டுரிமை கேட்கவில்லை, மாலை போடும் உரிமை கேட்கிறார்கள். நூறு வருஷமாக இவர்களுக்காக நாம் ஒன்றும் செய்யவில்லை. அப்படியிருந்தும் நம்மைக் கும்பிடுகிறார்கள் என்றால், ஒன்றும் செய்யாமலிருப்பதே சிறந்த ஆட்சி என்பது நிரூபணமாகிறது."

இதைப் படித்துவிட்டு ஏழாம் மக்கிள்டன் புறப்பட்டு வந்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான குடும்பம் அது. முந்நூறு சன்னல் மாளிகை எப்போதோ கைமாறிவிட்டது. அதன் தோட்டக்காரன் வீட்டில் இரண்டு அறையில் பிரபு குடியிருந்தார். ஆனாலும் பெருங்காயம் வைத்த பாண்டம் அல்லவா, வாசனை போகவில்லை. மூதாதையின் சன்னலைத் தம் கையாலேயே மூட வேண்டும் என்று விரும்பினார். மூட வேண்டுமானால் அது முதலில் திறந்திருக்க வேண்டும். எனவே விழாவன்று காலை பூட்டைத் திறந்து வைக்கும்படி பரம்பரைச் சன்னல் காப்பாளருக்கு உத்தரவு வந்தது.

கஃபார் திறந்தார். சம்சுன்னிசா கட்டையில் மோவாயை வைத்துக்கொண்டாள். காற்று வந்து அவள் முக்காட்டை அசைத்தது. ஒரு மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம். கஃபார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"எத்தன மணிக்கி வர்றாங்க?" என்று கேட்டாள்.

"இப்ப வந்துருவாங்க."

"கடையிலேருந்து நெருப்புத் துண்டு கொஞ்சம் அள்ளிக்கிட்டு வாங்க. நல்லாக் கனிஞ்சதா இருக்கட்டும்."

மருதப்பன் முன்கூட்டி வந்து பார்த்தபோது அறை நடுவில் பெரிய சாம்பிராணிச் சட்டி கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் நிறையச் சாம்பிராணி.

"எதுக்கும்மா இது?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? வீட்டுக்கு வர்ற பிரபு பீர்னு நீங்கதானே கல்லுல எழுதி வச்சிருக்கீங்க. பெரியவங்க வந்தா சாம்பிராணி போடாம வரவேற்கலாமா?"

மருதப்பன் வாயைத் திறந்தார். கல்வெட்டில் இருப்பது தப்பு என்று சொன்னால் தப்பு யாருடையது என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டார். கீழே கார் வந்து நின்றது. சம்சுன்னிசா பொட்டலத்தை அப்படியே சட்டியில் கவிழ்த்துவிட்டு, நிதானமாகப் படியிறங்கிப் போய்த் தெருவாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளூர் மரபுப்படி வாசனைப் புகை போட்டிருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் துரை பூரித்தார். ஏழாம் மக்கிள்டன் சன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தினார். கஃபார் பூட்டினார். கதவும் சன்னலுக்கு உறவுதான் என்று அறைக் கதவையும் சாத்தினார்கள். துரைமார் தொப்பியைக் கழற்றினார்கள். பிரபு உரையைத் தொடங்கினார். புகைக்கு வேறு போக்கிடம் இல்லாததால் அதுவும் நின்று கேட்டது.

"என் குடும்பம் உங்களுக்கு என்ன கொடுத்தது என்று கேட்கிறார்கள். எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்துப் பழக்கிவிடுவது எங்கள் வழக்கமில்லை. உங்களை ஆள்வதற்கு நாங்கள் சம்மதித்தோம். அந்தத் தியாகம் போதும். என் மூதாதை சன்னலை மூடியபோது தமக்காக மூடவில்லை. வெளியே இருப்பவர்கள் உள்ளே பார்த்து ஏங்கக் கூடாதே என்ற கருணை அது. நானும் இங்கே..."

இங்கே இருமல் வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. பிரபு உணர்ச்சிவசப்பட்டார் என்று மற்றவர்களும் கண்ணீர் விட்டார்கள். அவர்களுக்கும் வேறு வழியில்லை. அடுத்த வரியைப் படிக்கப் பிரபுவுக்குக் காகிதம் தெரியவில்லை. மூச்சை இழுத்தார், அது பாதி வழியில் நின்று விசிலடித்தது. கஃபாருக்கு நன்கு பழகிய சத்தம் அது. அதைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை மாதமாகத் தே ஆற்றினார்.

"சன்னலைத் திறவுங்கள்" என்றார் பிரபு.

ஒருவரும் அசையவில்லை. அது எப்படி என்று துரைமார் ஒருவரையொருவர் தேடினார்கள், புகையில் ஆள் தெரியவில்லை.

"பிரபு மன்னிக்க வேண்டும். மரபு..." என்றது கார்ஸ்டன் துரையின் குரல்.

"மரபு நாசமாகப் போகட்டும். திற, திற."

கடைசியில் எல்லோரும் கஃபார் பக்கம் திரும்பினார்கள். சாவி அவரிடம் இருந்தது. அடுப்படியில் வெந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் புகை பெரிதாகப் படவில்லை.

"மருதப்பன் சார், துரை என்னா சொல்றாரு? சரியாச் சொல்லுங்க. தப்பா வெளங்கிக்கிட்டுத் தொறந்துட்டா நான்லா உள்ள போகணும்."

"தொறக்கச் சொல்றாரு பாய், தொறங்க."

"மூடணும்னுதானே சார் வந்தாங்க? அவங்க வீட்டுல யாருக்கும் இழுப்பு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மருதப்பன் இருமினார். கஃபார் சாவியை இடுப்பில் தேடினார், பையில் தேடினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு மெதுவாக ஒரு வேலையைச் செய்ததில்லை. பிறகு திறந்தார்.

புகை பொங்கிக்கொண்டு வெளியேறியது. அதன் நடுவிலிருந்து ஏழாம் மக்கிள்டனின் தலை வெளியே வந்து, மூன்றாம் மக்கிள்டனின் முகத்தெதிரே வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. அதே மூக்கு, மோவாயும் இல்லை. கீழே நின்ற கூட்டம் ஒரே சமயத்தில் கையெடுத்துக் கும்பிட்டது. தெருவாசலில் உட்கார்ந்திருந்த சம்சுன்னிசா மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவளுக்குச் சத்தமே போதுமானதாக இருந்தது.

பிரபு அடுத்த கப்பலில் ஊர் திரும்பினார். குழு உட்கார்ந்து விவாதித்தது. மூன்றாமவர் மூடுங்கள் என்றார், ஏழாமவர் திறவுங்கள் என்றார், இருவரும் மக்கிள்டன்கள்; எது கொள்கை? பிரபுக்கள் சபைக்கு வெளியே சொன்னது பேச்சா, வெறும் மூச்சா? லண்டன் முடிவு சொல்லும்வரை சன்னல் திறந்தும் இருக்கக் கூடாது, மூடியும் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். ஆள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தி, நடுவில் ஒரு கட்டையை வைத்து ஆணியடித்துவிட்டுப் போனான். காற்று நுழைய அந்த இடைவெளி போதவில்லை. டிசம்பர் மழை நுழையப் போதுமானதாக இருந்தது. நனைந்த பாயில் உட்கார்ந்து சம்சுன்னிசா இருமினாள். லண்டன் யோசித்துக்கொண்டிருந்தது.

1959ல் சுயாட்சி வந்தது. கார்ஸ்டன் துரையும் மற்றவர்களும் கோட்டை மடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். சிலையைத் தூக்கிப்போக அவர்களுக்கும் தோன்றவில்லை, இறக்கிவைக்க இவர்களுக்கும் நேரமில்லை. சம்சுன்னிசா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். யாரும் வந்து ஆணியைப் பிடுங்கவில்லை. எட்டாம் நாள் காலையில் அவளே கடைக்கு இறங்கி வந்து, ஐஸ் உடைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். கஃபார் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

அதே நேரத்தில் மருதப்பனும் படியேறி வந்தார். பதவி உயர்வு கிடைத்திருந்தது. ஆற்றங்கரைக் கட்டடத்தில் கார்ஸ்டன் துரையின் நாற்காலி இப்போது அவருடையது. வேட்டி சட்டையில்தான் பதவியேற்றார் என்று பேப்பரில் படம் போட்டிருந்தது. இன்றைக்குக் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். கழுத்து வியர்வையில் ஊறியிருந்தது.

"அம்மா, அவசரப்படாதீங்க. ஆணை இன்னும் ரத்தாகல. நம்ம சர்க்கார் ஒரு குழு போடப் போகுது. நாந்தான் தலைவர்."

"உங்க ஆபீசு சன்னல்லாம் தொறந்தாச்சா சார்?" என்று கஃபார் கேட்டார்.

மருதப்பன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "அதுக்கும் அந்தக் குழுதான் பாய்."

சம்சுன்னிசா ஆணியடித்த கட்டையைச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். அது துள்ளிப்போய்ச் சந்தில் விழுந்தது. கதவு இரண்டையும் சுவரில் மோதும்வரை தள்ளித் திறந்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று மூச்சு வாங்கினாள்.

"குழு போடுங்க சார். நல்லாப் பேசுங்க. அது வரைக்கும் நான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்."

பிறகு வாளியைப் பக்கத்தில் இழுத்தாள். மழையில் நனைந்து நாறிய துணிகள் அதில் துவைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக மூங்கில் கழியில் கோத்தாள். கழியின் ஒரு முனையைச் சன்னல் கட்டையில் முட்டுக்கொடுத்து மறுமுனையை வெளியே நீட்டினாள். தாங்க ஒன்றும் இல்லாமல் அது ஆடியது. எட்டி, இன்னும் கொஞ்சம் தள்ளி, பிரபுவின் நீட்டிய உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தாள். கழி அசையாமல் நின்றது.

"பாய், அது பிரபுவோட கை" என்றார் மருதப்பன்.

"தெரியும் சார்" என்றார் கஃபார். சட்டையில் குத்தியிருந்த பித்தளை வில்லையைக் கழற்றி வாளியில் போட்டார்.

இரண்டு கைலியும் ஒரு சேலையும் காற்றில் விரிந்து காய்ந்தன. மக்கிள்டன் குடும்பம் சிங்கப்பூரில் ஒருவருக்குக் கைகொடுத்தது அன்றைக்குத்தான்.